கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட முருகன்

அம்மாவின் முருகன் படம் கார்த்திகை மாதக் கடைசியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சிங்கப்பூரின் ஈசூனில் அவர் இருந்த மூவறை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டிய வாரம் அது. ஆண்டுத் திதி முடிந்திருந்தது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் ஆள் கிடைத்துவிட்டார்கள். சாமி மேடையில் இருந்த இந்தப் படத்தை மட்டும் அண்ணன், அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்றில் சுற்றி, மழைக்குப் பயந்து மேலே பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தி, காரின் பின்னிருக்கையில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். “இதை நீதான் பார்க்க வேண்டும், பாப்பா. என் கைக்கு வராது” என்று சாப்பாட்டு மேசையில் வைத்தார். எனக்கு 58 வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

நான் பள்ளி ஆய்வகம் ஒன்றில் 27 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள். குடுவையும் தராசும் சாமணமும் பழகிய கை. படத்துக்குச் சட்டம் போட்ட அனுபவம் இல்லை. அதனால் முதலில் ஒரு சட்டக் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “இதே மாதிரி புதுப்படம் இருக்கிறது, 60 வெள்ளிக்குச் சட்டத்தோடு தருகிறேன். இதை ஆற்றில் விட்டுவிடுங்கள்” என்றார். தெரிந்ததைச் சொன்னார்; ஆனால் எனக்கு மனம் மிகவும் வலித்தது. அதே சேலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று இரவே முடிவு செய்தேன், நானே பிரித்துப் பார்ப்பது என்று.

படத்தின் கதை இது. அப்பா 1950களில் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1961இல் ஊருக்குப் போய்த் திருமணம் செய்து அம்மாவை அழைத்து வந்தார். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறும்போது அம்மாவின் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே இந்தப் படம் சுருட்டி வைக்கப்பட்டிருந்ததாம். வள்ளி தெய்வானையோடு மயில்மேல் அமர்ந்த முருகன். கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான சாமி படங்கள் தமிழர் வீடுகளை நிறைத்த காலம் அது. அம்மாவின் படத்தில் ஓவியரின் கையெழுத்து இல்லை. ஆனால் அந்தக் கண்ணும் கன்னமும் அந்த வழியில் வந்தவை. தளத்துக் குடியிருப்பில் இருந்த சீனத் தச்சர் ஒருவர் சட்டம் போட்டுத் தந்தார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1968இல் தளத்தின் கப்பல் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் புறப்பட்டுப் போயின. பிறகு நாங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு மாறினோம். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் முதலில் உள்ளே போனது பாலும் இந்தப் படமும்தான்.

மார்கழி முதல் ஞாயிறு வேலையைத் தொடங்கினேன். மேசையில் கம்பளி, அதன்மேல் வெள்ளை விரிப்பு. படத்தைக் குப்புறப் படுக்க வைப்பதற்கு முன் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டுக்கொண்டேன்.

பின்பக்கத்துப் பழுப்புத் தாள் தொட்டதும் பொடிந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு இராமபாணப் பூச்சிகள் வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடின. மாவுப் பசை இருக்கும் இடம் அவற்றுக்கு விருந்து. தாளின் ஓரங்களை அரித்திருந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. மொத்தம் 22 ஆணிகள், எல்லாம் துரு. குறட்டால் நேரே பிடுங்கினால் மரம் நசுங்கும் என்பதால் குறட்டின் அடியில் கெட்டி அட்டைத் துண்டு ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டி எடுத்தேன். அதற்கே முற்பகல் முழுவதும் போயிற்று. மூன்று ஆணிகள் தலை முறிந்து மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. அவை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்பலகை என்று இருந்தவை மூன்று மெல்லிய துண்டுகள், ஏதோ சரக்குப் பெட்டியிலிருந்து கழற்றியவை. பலகைக்கும் படத்துக்கும் நடுவே ஒரு தமிழ் நாளிதழின் தாள், தேநீர் நிறத்தில். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது, நாளாக நாளாக அமிலம் கக்கும். அது தொட்டிருந்த இடமெல்லாம் படத்தின் முதுகும் மஞ்சளாகியிருந்தது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்த இரண்டு இடங்களில் மட்டும் ஆழ்ந்த பழுப்பில் இரண்டு கோடுகள். முன்பக்கத்தில் முருகனின் மார்புக்குக் குறுக்கே மங்கலாகத் தெரிந்த கோட்டைச் சின்ன வயதில் நான் பூணூல் என்று நினைத்திருந்தேன். பலகைச் சந்தின் தடம் அது என்று இப்போதுதான் தெரிந்தது.

சட்டத்தின் நான்கு துண்டுகளிலும் மூலைக்கு அருகே பென்சிலால் சீன எழுத்துகள் இருந்தன. எதிர்வீட்டுப் பாட்டியை அழைத்து வந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, இது மேல், இது கீழ், இது இடம், இது வலம் என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். அந்தத் தச்சரின் கையெழுத்து 60 ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு வழிகாட்டிக் குறிப்பாக இருந்தது. அதை நான் உப்புத்தாள் படாமல் காப்பாற்றியிருக்கிறேன்.

அடுத்து வந்ததுதான் பெரிய இடி. தாளை எடுத்துவிட்டுப் படத்தின் மேல் மூலையைச் சாமணத்தால் மெல்லத் தூக்கினேன். வந்தது. பாதிவரை தடையில்லாமல் வந்தது. அதன் கீழே அசையவில்லை. சட்டத்தை நிமிர்த்தி, அறை விளக்கை அணைத்து, கைவிளக்கைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். மேல்பகுதி சாம்பல் பூத்தது போல மங்கி இருந்தது. கீழே ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீரில் நனைந்தது போன்ற கருமை, பளபளப்பு. காற்றே இல்லாமல் தாள் கண்ணாடியோடு ஒன்றாகிவிட்டதன் அடையாளம் அது. மயிலின் தோகையும், முருகனின் இரு பாதங்களும், தேவியரின் சேலைக் கரையும் கண்ணாடியோடு ஒட்டியிருந்தன.

சிங்கப்பூரின் காற்றீரம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அது மட்டுமென்றால் படம் முழுவதும் அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? படத்தின் கீழ் விளிம்பை, சட்டம் மறைத்திருந்த வெள்ளை ஓரத்தைப் பார்த்தபோது விடை கிடைத்தது. ஓரத்திலிருந்து மேல்நோக்கி அலை அலையாகப் பழுப்புக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று. வடிதாளின் நுனியைத் தண்ணீரில் தொட்டால் மை மேலேறி நின்ற இடத்தில் கோடு போடுமே, அதேதான். ஆய்வகத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனையை எடுத்து வைத்தவள் நான். தண்ணீர் கீழிருந்து ஏறியிருக்கிறது. ஒரு முறை அல்ல, பல நூறு முறை.

அம்மா வெள்ளிக்கிழமை விடியலில் குளித்துவிட்டு, தலையில் ஈரத் துண்டோடு, ஒரு சின்னத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து படங்களைத் துடைப்பார். நெற்றியிலிருந்து பாதம்வரை மேலிருந்து கீழாக, ஒரே வீச்சில். பழைய சந்தனம் கரைந்து கீழே வழியும். அதை மறுபடி ஒற்றி எடுப்பார். அப்புறம் புதுச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். கடைசியாகப் பாதத்தைக் கண்ணாடிமேல் தொட்டு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒவ்வொரு வெள்ளியும் அந்தத் துணியிலிருந்து இறங்கிய சொட்டு, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே புகுந்து, கண்ணாடி உட்காரும் பள்ளமான கீழ்க் காடியில் தங்கியிருக்கிறது. தாள் அதைக் குடித்திருக்கிறது. அச்சு மையின் மேல் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அம்மா தொட்டுக் கும்பிட்ட பாதம்தான் முதலில் ஒட்டியிருக்க வேண்டும். இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது. அவருடைய பக்தி செய்த சேதம் இது. எனக்கு இதைச் சேதம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

பிரிக்க வழி உண்டா என்று மூன்று நாள் யோசித்தேன். பழைய புகைப்படங்களைச் சிலர் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பார்கள். அதற்குக் காரணம் அவற்றின் மேலிருக்கும் ஊன்பசைப் படலம். இது மை அச்சு. தண்ணீர் பட்டால் தாள் ஊதும், மை கண்ணாடியிலேயே தங்கும். மெல்லிய தகட்டை நுழைத்தால் பாதங்கள் இரண்டாகக் கிழியும். உங்கள் வீட்டுப் படமும் இப்படி ஒட்டியிருந்தால், தயவுசெய்து இழுக்காதீர்கள். முதலில் கண்ணாடி வழியாகவே நல்ல வெளிச்சத்தில் நேராக ஒரு படம் எடுத்து வையுங்கள். நானும் அதைத்தான் செய்தேன். பிறகு தீர்மானித்தேன், கண்ணாடியும் படமும் இனி ஒரே பொருள். பிரிக்கப் போவதில்லை.

அப்படியானால் அந்தக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வேண்டும். நல்லெண்ணெய் விளக்கின் கரிப்படலம் மேல்பாதியில் தேன் நிறத்தில் அப்பியிருந்தது. கண்ணாடிமேல் எதையும் தெளிக்கக் கூடாது, ஓரத்தில் இறங்கிவிடும். பஞ்சுக் குச்சியில் சோப்பு நீரைத் தொட்டுப் பிழிந்து, விரலகலம் விரலகலமாகத் துடைத்தேன். வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறியது. நெஞ்சு ஒரு நொடி நின்றுவிட்டது, சாயம் கசிகிறதோ என்று. அப்புறம்தான் புரிந்தது, அது மஞ்சள்தூள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமம் ஆவது எப்படியோ அப்படித்தான் சோப்பின் காரமும் மஞ்சளைச் சிவக்க வைக்கும். அம்மா விசேஷ நாள்களில் சந்தனத்தோடு மஞ்சளும் குழைப்பார். அதன்பிறகு காய்ச்சி வடித்த நீரை மட்டுமே பயன்படுத்தினேன்.

பாதத்துக்கு அருகில் வந்ததும் கை நின்றது. அங்கே ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. உலர்ந்து, நடுவில் குங்குமம் கருத்து, ஓரங்களில் வெடிப்பு விட்டது. கடைசி ஆண்டில் அம்மாவுக்குத் தோள்வலி. கை மேலே எழும்பாது. நெற்றியில் வைக்க வேண்டிய பொட்டை முதலில் மார்பில் வைத்தார், பிறகு முழங்காலில், கடைசியில் பாதத்தில். நாங்கள் வைத்துவிடுகிறோம் என்றாலும் விடமாட்டார். இது அவர் மருத்துவமனைக்குப் போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை வைத்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

ஆய்வகத்திலிருந்து ஓய்வுபெற்றபோது எனக்குப் பிள்ளைகள் பரிசாகக் கொடுத்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். சந்தனத்தில் ரேகை இருந்தது. மோதிர விரலின் நுனி அழுந்திய இடத்தில், வட்டம் வட்டமாக, மிக நெருக்கமான வரிகள். ஒரு பக்கத்தில் வரிகள் அறுபட்டு ஒரு சின்ன வெட்டு. அது அரிவாள்மனைத் தழும்பு. அம்மாவின் அந்த விரல் எனக்குத் தெரியும். அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் செம்பவாங்கிலிருந்து அரை மணியில் வந்து, உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, “துடைக்காதே” என்றார்.

ஆனால் படம் வழிபாட்டுக்குத் திரும்ப வேண்டும். வெள்ளிதோறும் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். துடைத்தால் இது போய்விடும். இரண்டும் நடக்க ஒரே வழி, பழைய கண்ணாடிக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி. காடியின் ஆழத்தை அளந்தேன், 15 மில்லிமீட்டர். புதுக் கண்ணாடி 2, இடைவெளிப் பட்டை 3, பழைய கண்ணாடி 2, பின்னால் காற்றுக்கு 2, அமிலமில்லாத அட்டை 2. ஆக 11. ஆணிக்கு 4 மிச்சம். இடம் போதும் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

சட்டத்தில் சின்னச் சின்னத் துளைகள், உளுவின் வேலை. மருந்து அடிக்க மனமில்லை. மரத்தை நன்றாக உறையவைத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். அண்ணி வீட்டில் சமையல் ஆர்டர் எடுப்பவர். அவரிடம் பெரிய உறைபெட்டி இருக்கிறது. கேட்கத் தயங்கினேன். அவரோ மீனையும் இறைச்சியையும் அன்றே வெளியேற்றி, பெட்டியைக் கழுவி, மஞ்சள் நீர் தெளித்துத் துடைத்து வைத்திருந்தார். “மார்கழிதானே, இரண்டு வாரம் சைவ ஆர்டர் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்” என்றார். நான்கு துண்டுகளையும் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றிக் கழித்தல் 18 பாகையில் 14 நாள் வைத்தோம். வெளியே எடுத்தபின் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லையென்றால் மரத்தின்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

மூலைகளில் இருந்த பழைய வச்சிரப் பசையை வெதுவெதுப்பான ஈரத் துணியால் இளக்கிச் சுரண்டினேன். தச்சரின் எழுத்துப்படி மேல், கீழ், இடம், வலம் சேர்த்தேன். மரப்பசை தடவி, சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றுக்குள் பென்சிலை நுழைத்து முறுக்கினால் நான்கு மூலையும் ஒரே நேரத்தில் இறுகும். இறுகும்போது சட்டம் கோணிக்கொள்ளும், அதைக் கவனிக்க வேண்டும். குறுக்கே இரு மூலைவிட்டங்களையும் அளந்தேன். ஒன்று 62.5 சென்டிமீட்டர், மற்றது 61.8. நீளமான மூலைகளை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினேன். 62.1, 62.2 என்று வந்ததும் விட்டுவிட்டேன். மேல் வலது மூலையில் மயிரிழை இடைவெளி இன்னும் இருக்கிறது. அது அந்தச் சட்டத்தின் வயது.

புதுக் கண்ணாடியைக் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வெட்டி வாங்கினேன், 16 வெள்ளி. அட்டை பிராஸ் பசாவில் கிடைத்தது, 14 வெள்ளி. ஈரமானி 9 வெள்ளி. கூடத்தில் அது 84 காட்டியது; குளிர்சாதனம் இரண்டு நாள் ஓடிய படுக்கையறையில் 56. அங்கேயே எல்லாவற்றையும் ஒரு நாள் கிடத்தி வைத்துவிட்டு, அங்கேயே சட்டத்துக்குள் பொருத்தினேன். இடைவெளிப் பட்டைகள் பொட்டுக்கு எட்டாமல் ஓரத்தில் மட்டும் ஓடுகின்றன. இரு கண்ணாடிகளின் விளிம்பையும் ஒட்டுநாடாவால் சுற்றிலும் அடைத்தேன். நாளிதழ்த் தாளைத் தனியாக உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரு கப்பல் புறப்பாட்டு அறிவிப்பின் பாதி இருக்கிறது. படத்தின் கீழ் ஓரத்தில், இத்தனை காலம் சட்டத்துக்குள் மறைந்திருந்த இடத்தில், ‘சிவகாசி’ என்ற எழுத்து மட்டும் நனையாமல் தப்பியிருக்கிறது.

எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். அம்மா வீட்டில் அது குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் இருந்தது. என் வீட்டில் நடு அறைச் சுவரைத் தேர்ந்தேன். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர்க் குமிழ்கள், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓட. விளக்கை ஓர் அடி முன்னால் தள்ளி வைத்தேன்.

தைப்பூசத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அண்ணன் குடும்பத்தோடு வந்தார். ஆண்டுதோறும் சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுப்பவர். துக்கத்தால் ஓராண்டு விட்டிருந்தார். இந்த ஆண்டு எடுக்கப் போகிறார். விரதத்தில் மெலிந்திருந்தார். அவரே சந்தனம் குழைத்தார். நெற்றியில் வைப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து பாதத்தில், அம்மாவின் பொட்டு இருந்த இடத்துக்கு நேராகப் புதுக் கண்ணாடிமேல் வைத்தார். நேரே நின்று பார்த்தால் பழையது தெரியவில்லை. அண்ணனின் பேத்தி பக்கவாட்டில் நின்றிருந்தாள். “இரண்டு பொட்டு இருக்கிறது தாத்தா” என்றாள். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, அவ்வளவுதான். அவர் அவளைத் தூக்கி, முன்னால் இருப்பது தன்னுடையது, பின்னால் இருப்பது கொள்ளுப்பாட்டியுடையது என்று காட்டினார். அவள் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், யாரும் சொல்லித் தராமல்.

மேடைக்குப் பக்கத்தில் ஆணியில் இப்போது ஓர் உலர்ந்த துணி தொங்குகிறது. அம்மாவின் அந்தப் பருத்திச் சேலையிலிருந்து ஒரு முழம் கிழித்து ஓரம் தைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுதான் துடைத்தேன், நெற்றியிலிருந்து பாதம்வரை.